மோடம் அமைக்கும் மென்பொருள் திறந்ததும் மூடிக்கொள்கிறதா? டெஸ்க்டாப்பில் படிப்படியாகச் சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் ஃபைபர் இணைப்பு வாங்கிவிட்டவர்களுக்கு டயல்-அப் (எண்ணை டயல் செய்து இணையத்தில் இணைவது) என்பது மறந்துபோன கதை. ஆனால் அஞ்செட்டிப் பக்கமோ, பென்னாகரம் தாண்டி மலையடிவாரத்திலோ பழைய டெஸ்க்டாப்பில் டாங்கிள் (சிம் போட்டு யூஎஸ்பியில் செருகும் சிறு மோடம்) செருகி வேலை பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். லேண்ட்லைனில் மோடம் மாட்டி ஃபேக்ஸ் அனுப்பும் அலுவலகங்களும் இருக்கின்றன. யூஎஸ்பி டாங்கிளும் பெரும்பாலும் டயல்-அப் மோடம்தான்; தொலைபேசி எண்ணுக்குப் பதிலாக *99# என்று டயல் செய்கிறது, அவ்வளவுதான். இவர்கள் எல்லோரும் சொல்லும் புகார் ஒன்று: "மோடம் செட்டிங் திறந்தா உடனே க்ளோஸ் ஆயிடுது." அந்த ஒரு சிக்கலுக்கான வழிகாட்டி இது. விண்டோஸ்தான் முதன்மை, லினக்ஸுக்கும் ஒரு பகுதி உண்டு.

மென்பொருள் மூடிக்கொண்டால் பலர் முதல் வேலையாக அதை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். நான் அதைக் கடைசியில்தான் செய்வேன். நாம் திரையில் பார்க்கிற மென்பொருளுக்குக் கீழே சேமித்த அமைப்புகள், பின்னணியில் ஓடும் விண்டோஸ் சேவைகள், டிரைவர் (மோடத்தை விண்டோஸோடு பேச வைக்கும் நிரல்), போர்ட் (மோடம் இணையும் வாயில்), மோடம், லைன் என்று இத்தனை இருக்கின்றன. இவற்றில் ஏதோ ஒன்று எதிர்பாராத பதிலைக் கொடுத்தால் பழைய மென்பொருளுக்கு அதைச் சமாளிக்கத் தெரியாது, அப்படியே மூடிக்கொள்ளும். இதைத்தான் கிராஷ் என்பார்கள். மறுபடி நிறுவினாலும் சேமித்த அமைப்புக் கோப்பும் டிரைவரும் பெரும்பாலும் அப்படியே இருந்துவிடும். நிறுவிய ஐந்தாவது நிமிடம் அதே கதை.

ஒரு குறிப்பு: கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். கணினியில் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

முதலில் மோடத்தைக் கழற்றிவிட்டுத் திறந்து பாருங்கள்

டாங்கிளைக் கழற்றுங்கள். வெளியே வைக்கும் மோடமாக இருந்தால் அதன் கேபிளைப் பிடுங்குங்கள். உள்ளே கார்டாக இருந்தால் டிவைஸ் மேனேஜரில் (கணினியில் உள்ள கருவிகளின் பட்டியல்; ஸ்டார்ட் மெனுவில் தேடினால் வரும்) அதை டிசேபிள் செய்தால் போதும். கணினியை ரீஸ்டார்ட் செய்துவிட்டு மென்பொருளைத் திறங்கள்.

"மோடம் இல்லை" என்று சொல்லிவிட்டு மென்பொருள் திறந்தே இருந்தால், கோளாறு கீழே இருக்கிறது: மோடம், மின்சாரம், போர்ட், டிரைவர். மோடமே இல்லாதபோதும் மூடிக்கொண்டால், கோளாறு மேலே இருக்கிறது: பயனர் கணக்கு, சேமித்த அமைப்பு, சேவை, அல்லது மென்பொருளே. இந்த ஒரு சோதனை வேலையில் பாதியைக் குறைத்துவிடும். இதைச் செய்யாமல் வேறெதிலும் கை வைக்க வேண்டாம்.

அடுத்து, விண்டோஸ் என்ன எழுதி வைத்திருக்கிறது என்று பாருங்கள். ஸ்டார்ட் மெனுவில் ஈவென்ட் வியூவர் என்று தேடித் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் அப்ளிகேஷன். மென்பொருள் மூடிய நேரத்தில் சிவப்புக் குறியோடு 1000 என்ற எண்ணில் ஒரு பதிவு இருக்கும். உறைந்துபோய் நாமே மூடியிருந்தால் எண் 1002. அந்த 1000-ஐத் திறந்து, 'ஃபால்ட்டிங் மாட்யூல்' என்ற வரியை மட்டும் படியுங்கள். அங்கே யூனிஎம்டிஎம்.டிஎஸ்பி என்று இருந்தால் விண்டோஸின் மோடம் டிரைவர் பக்கம் பாருங்கள். டேப்பி32.டிஎல்எல் என்றால் தொலைபேசி இணைப்புகளைக் கவனிக்கும் டெலிபோனி சேவை. மென்பொருளின் சொந்தக் கோப்பின் பெயர் இருந்தால் அதன் அமைப்புகளைச் சந்தேகியுங்கள். என்டிடிஎல்எல்.டிஎல்எல் என்று வந்தால் அதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. எந்த மென்பொருள் விழுந்தாலும் அந்தப் பெயர் வரக்கூடும்.

கிராஷ் போலத் தெரியும், ஆனால் கிராஷ் இல்லை

கன்ட்ரோல் பேனலில் உள்ள 'போன் அண்ட் மோடம்' முதல் தடவை திறக்கும்போது 'லொகேஷன் இன்ஃபர்மேஷன்' என்ற சிறு பெட்டி வரும். எந்த நாடு, ஏரியா கோட் என்ன என்று கேட்கும். டாங்கிள் வைத்திருப்பவர்கள் "நமக்கு எதுக்கு ஏரியா கோட்?" என்று கேன்சல் அழுத்துவார்கள். உடனே முழு சன்னலும் மூடிவிடும். மறுபடி திறந்தால் மறுபடி அதே பெட்டி, அதே முடிவு. "செட்டிங் திறக்கவே மாட்டேங்குது" என்று சொல்லிக் கொண்டுவரும் கணினிகளில் இதையும் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பெட்டியை நிரப்பிவிடுங்கள். நாடு இந்தியா. ஏரியா கோடில் முதல் சுழியத்தை விட்டுவிட வேண்டும். தருமபுரிக்கு 4342, கிருஷ்ணகிரிக்கு 4343, ஓசூருக்கு 4344, அரூருக்கு 4346, தேன்கனிக்கோட்டைக்கு 4347, பாலக்கோட்டுக்கு 4348. டாங்கிளுக்கு இந்த எண் பயன்படாது, ஆனாலும் ஏதோ ஒன்று இருந்தாக வேண்டும். லேண்ட்லைன் மோடம் என்றால் இது சரியாக இருக்க வேண்டும்; தப்பாகக் கொடுத்தால் உள்ளூர் எண்ணையும் எஸ்டிடி போலச் சுழியம் சேர்த்து டயல் செய்யும்.

மோடம் இல்லாமல் திறக்கிறது, செருகினால் மூடுகிறது

மின்சாரத்திலிருந்து தொடங்குங்கள். பழைய யூஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று அதிகபட்சம் 500 மில்லி ஆம்பியர் கொடுக்கும். கேபினெட்டின் முன்பக்க போர்ட் மெல்லிய ஒயரில் மதர்போர்டிலிருந்து வருவதால் அதில் இன்னும் குறைந்துவிடும். டவர் தூரமாக இருக்கும் இடத்தில் டாங்கிள் முழு சக்தியோடு சிக்னல் அனுப்பும். அப்போதுதான் அதற்கு மின்சாரமும் அதிகமாகத் தேவைப்படும். கிடைக்காவிட்டால் ஒரு கணம் அணைந்து மறுபடி எழும். அந்த ஒரு கணத்தில் கணினியிலிருந்து போர்ட் காணாமல் போகிறது. போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்த மென்பொருள் விழுகிறது. ஆக, மலைக் கிராமத்தில் கிராஷ் ஆகிற அதே கணினி ஊருக்குள் கொண்டுவந்தால் ஒழுங்காக ஓடும். கடைக்குக் கொண்டுபோனால் ஒன்றும் ஆகவில்லை, வீட்டில்தான் வருகிறது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை.

டாங்கிளைப் பின்பக்க போர்ட்டில் நேரடியாகச் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் ஒயர் வேண்டாம். சன்னல் ஓரம் வைத்தால்தான் சிக்னல் கிடைக்கும் என்றால் தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப் வாங்கி அதில் செருகுங்கள். டிவைஸ் மேனேஜரில் 'யூஎஸ்பி ரூட் ஹப்' ஒவ்வொன்றின் பவர் மேனேஜ்மென்ட் தாவலிலும், மின்சாரம் மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, காம் போர்ட் எண். மோடத்தோடு பேச விண்டோஸ் கொடுக்கும் வாயிலின் எண் இது. இதை யாரும் பார்ப்பதில்லை. டாங்கிளை வேறு வேறு யூஎஸ்பி போர்ட்டில் செருகும்போது விண்டோஸ் புதுப்புது காம் எண் கொடுத்துக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் காம்17, காம்23 என்று போய்விடும். விண்டோஸில் காம்9 வரை பெயரைச் சொல்லி நேரடியாகத் திறக்கலாம். 10 முதல் பெயருக்கு முன்னால் ஒரு தனி முன்னொட்டு சேர்த்தால்தான் திறக்கும். பழைய மென்பொருள்கள் பலவற்றுக்கு இது தெரியாது. போர்ட்டைத் திறக்க முடியாமல் போனதைக் கவனிக்காமல் அடுத்த வேலைக்குத் தாவி விழுந்துவிடும்.

சரிசெய்வது எளிது. டிவைஸ் மேனேஜரில் வியூ மெனு, அதில் 'ஷோ ஹிடன் டிவைசஸ்'. போர்ட்ஸ், மோடம்ஸ் பிரிவுகளில் மங்கலாகத் தெரியும் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாக அன்இன்ஸ்டால் செய்யுங்கள். பிறகு இப்போது இருக்கும் மோடத்தின் ப்ராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு தாவல், அட்வான்ஸ்டு போர்ட் செட்டிங்ஸ், அங்கே காம்3 அல்லது காம்4 என்று மாற்றுங்கள். இனிமேல் எப்போதும் ஒரே யூஎஸ்பி போர்ட்டில் செருகுங்கள். அந்த இடத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துவிட்டால் வீட்டில் மற்றவர்களுக்கும் தெரியும்.

மூன்றாவது, டிரைவர். பழைய 32 பிட் டிரைவர் 64 பிட் விண்டோஸில் ஏறாது. எக்ஸ்பி காலத்து உள்மோடம் கார்டுகள் பெரும்பாலும் சாஃப்ட்மோடம் வகை. மோடத்தின் வேலையில் பெரும்பகுதியைக் கணினியின் பிராசஸர்தான் செய்யும். அப்படிப்பட்ட கார்டுக்குப் பொருந்தும் டிரைவர் இல்லாமல் விண்டோஸ் 10-இல் அதை எழுப்ப முயல்வது நேரத்தை வீணாக்குவது. தனியே பவர் அடாப்டர் உள்ள வெளிமோடமோ, யூஎஸ்பி மோடமோ தேடிக்கொள்ளுங்கள்.

மோடத்தோடு நேரடியாகப் பேசிப் பார்ப்பது

எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான். மென்பொருளை முழுதாக மூடிவிட்டு, டிவைஸ் மேனேஜரில் மோடத்தின் ப்ராப்பர்ட்டீஸ், டயக்னாஸ்டிக்ஸ் தாவல், 'குவரி மோடம்' அழுத்துங்கள். மோடம் உயிரோடு இருந்தால் கட்டளைகளும் பதில்களும் வரிசையாக வரும். போர்ட் ஏற்கனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று வந்தால், விழுந்துபோன மென்பொருளின் ஒரு பகுதி இன்னும் பின்னால் ஓடுகிறது. டாஸ்க் மேனேஜரில் அதை நிறுத்திவிட்டு மறுபடி பாருங்கள்.

இன்னும் விவரமாகப் பார்க்க புட்டி போன்ற இலவச டெர்மினல் மென்பொருளில் சீரியல் என்று தேர்ந்தெடுத்து, காம் எண்ணைக் கொடுத்துத் திறங்கள். மோடத்துக்கான கட்டளைகள் எல்லாம் ஏடி என்றுதான் தொடங்கும். வெறும் ஏடி என்று தட்டி என்டர் அழுத்தினால் ஓகே என்று பதில் வர வேண்டும். டாங்கிளாக இருந்தால் தொடர்ந்து மூன்று கேள்விகள் கேட்கலாம்.

ஏடி+சிபின்? என்று கேட்டால் ரெடி என்று வர வேண்டும். சிம் பின் என்று வந்தால் சிம் பூட்டியிருக்கிறது. செல்போனில் போட்டுப் பூட்டை எடுத்துவிட்டு வாருங்கள்.

ஏடி+சிஎஸ்க்யூ என்றால் சிக்னல் அளவு, 0 முதல் 31 வரை. 10-க்குக் கீழே என்றால் பலவீனம். 99 என்று வந்தால் மோடத்தால் அளக்கவே முடியவில்லை என்று பொருள். சிக்னல் கட்டைகளைக் காட்டும் சில மென்பொருள்கள் இந்த 99-ஐப் பார்த்துத்தான் தடுமாறுகின்றன.

ஏடி+சிரெக்? என்றால் நெட்வொர்க் பதிவு. 0,1 என்றால் சொந்த நெட்வொர்க். 0,5 என்றால் ரோமிங். 0,2 என்றால் இன்னும் தேடுகிறது. 0,3 என்றால் மறுக்கப்பட்டது. கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூர், அஞ்செட்டி, ஒகேனக்கல் பக்கங்களில் 1-க்கும் 5-க்கும் மாறி மாறிப் போவதைப் பார்க்கலாம். டாங்கிள் இரண்டு மாநில டவருக்கும் நடுவே அலைகிறது என்று அர்த்தம். மென்பொருளில் நெட்வொர்க் தேர்வு 'ஆட்டோ' என்று இருந்தால் 'மேனுவல்' ஆக்கி ஒன்றில் நிறுத்திவிடுங்கள்.

0,2-இலேயே நின்றால் சிம்மைப் பாருங்கள். ஜியோவுக்கு 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. 2016-இல் தொடங்கியதே 4ஜியாகத்தான். பழைய 3ஜி டாங்கிளில் ஜியோ சிம் போட்டால் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் டவர் கிடைக்காது. ஏர்டெல் தன் 3ஜியை நிறுத்திவிட்டதால் அந்த டாங்கிள் ஏர்டெல் சிம்மில் 2ஜி வேகத்தில்தான் ஓடும். 3ஜி மட்டும் என்று அமைத்திருந்தால் ஓடவே ஓடாது. நெட்வொர்க் வகையை 'ஆட்டோ' அல்லது '2ஜி' என்று மாற்றுங்கள்.

லேண்ட்லைன் மோடத்துக்குச் சில தனி விஷயங்கள்

சித்திரை, வைகாசியில் நம் பக்கம் இடியோடு வரும் கோடை மழைதான் லேண்ட்லைன் மோடத்துக்குப் பெரிய எமன். மின்னல் தொலைபேசி ஒயர் வழியாக வந்து மோடத்தின் லைன் பக்கத்தை மட்டும் கருக்கிவிடும். கணினிப் பக்கம் நன்றாக இருக்கும். அதனால் டிவைஸ் மேனேஜர் ஒழுங்காகக் காட்டும், ஏடிக்கு ஓகே வரும், ஆனால் டயல் செய்யும் நொடியில் எல்லாம் நின்றுவிடும். மழைக்குப் பிறகு தொடங்கிய கோளாறு என்றால் சாஃப்ட்வேரில் தேடி அலைய வேண்டாம். வேறு மோடம் ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள். இடி தொடங்கும்போது லைனைப் பிடுங்கி வைப்பது மட்டுமே நிச்சயமான பாதுகாப்பு.

போனில் டயல் டோன் கேட்கிறது, மோடம் மட்டும் இல்லை என்கிறதா? வெளிநாட்டுக்கென்று செய்த மோடம் நம் ஊர் டோனை அடையாளம் காணாமல் இருக்கலாம். 'டயல் டோனுக்குக் காத்திரு' என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் கூடுதல் கட்டளைப் பெட்டியில் ஏடிஎக்ஸ்3 என்று எழுதுங்கள்.

உங்கள் லேண்ட்லைன் இப்போது ஃபைபர் பெட்டியிலிருந்து வருகிறதா என்றும் பாருங்கள். குரலுக்கு அது நன்றாக இருக்கும். ஆனால் மோடத்தின் ஒலியை டேட்டாவாக மாற்றி அனுப்பும்போது சிதைந்துவிடும்; இணைப்பு நடுநடுவே அறுந்து மென்பொருளும் கூடவே தொங்கும். அங்கே எந்த அமைப்பை மாற்றினாலும் பெரிதாகப் பலன் இருக்காது.

மோடமே இல்லாதபோதும் மூடுகிறது

இங்கே நான் முதலில் கேட்பது: விண்டோஸில் உங்கள் பயனர் பெயர் தமிழில் இருக்கிறதா?

தமிழில் பெயர் வைப்பது நல்ல விஷயம். அதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பழைய மென்பொருள்கள் பல, எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டுக்கு முந்தைய முறையில் எழுதப்பட்டவை. உங்கள் பெயர் முருகன் என்று தமிழில் இருந்தால் யூசர்ஸ் கோப்புறைக்குள் அதே பெயரில் கோப்புறை இருக்கும். மென்பொருள் தன் அமைப்புகளைச் சேமிப்பதும் தற்காலிகக் கோப்புகளை வைப்பதும் அதற்குள்தான். பழைய மென்பொருளுக்கு அந்தப் பாதை வெறும் கேள்விக்குறிகளாகத் தெரியும். கேள்விக்குறியை விண்டோஸ் கோப்புப் பெயரில் அனுமதிக்காது. ஆக, கோப்பைத் திறக்க முடியாமல் மென்பொருள் விழுகிறது.

ரஷ்யம், கிரேக்கம் போன்ற மொழிகளுக்கு விண்டோஸில் பழைய வகைக் குறியீட்டுப் பக்கம் உண்டு; 'யூனிகோடு அல்லாத மென்பொருள்களுக்கான மொழி' என்ற அமைப்பை மாற்றினால் அவர்களுக்குச் சரியாகிவிடும். தமிழுக்கு அப்படி ஒன்று கிடையாது. விண்டோஸில் தமிழ் வந்ததே யூனிகோடாகத்தான். விண்டோஸ் 10-இல் அதே இடத்தில் பின்னர் வந்த யூடிஎஃப்-8 பீட்டா வசதி சில நேரம் உதவும். ஆனால் அது கணினி முழுதையும் பாதிக்கும்; வேறு பழைய மென்பொருள் கெட்டுப்போகலாம் என்பதால் நான் பரிந்துரைப்பதில்லை.

கணக்கின் பெயரை மாற்றுவதும் பயன்படாது, ஏனென்றால் கோப்புறையின் பெயர் கணக்கு உருவான அன்று என்னவோ அதுவேதான் இருக்கும். ஆங்கில எழுத்தில் புதிய பயனர் கணக்கு ஒன்று தொடங்கி, அதில் மென்பொருளைத் திறந்து பாருங்கள். ஓடினால் விஷயம் முடிந்தது. இணையத்துக்கு அந்தக் கணக்கை வைத்துக்கொள்ளலாம். இந்தச் சோதனைக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. உங்கள் பழைய கணக்கும் ஆங்கிலப் பெயர்தான், ஆனாலும் புதுக் கணக்கில் மட்டும் ஓடுகிறது என்றால், பழைய கணக்கில் சேமித்த அமைப்பு கெட்டிருக்கிறது.

அப்படிக் கெடும் கோப்பு பெரும்பாலும் ராஸ்ஃபோன்.பிபிகே. டயல்-அப் இணைப்புகளின் பெயர், எண் எல்லாம் இதில்தான் இருக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பாதியில் நின்றுவிடும். ரன் பெட்டியில் (விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தினால் வரும்) %ஆப்டேட்டா% என்று கொடுத்துத் திறந்து, மைக்ரோசாஃப்ட், நெட்வொர்க், கனெக்ஷன்ஸ், பிபிகே என்று உள்ளே போங்கள். அந்தக் கோப்பை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றி வையுங்கள். எல்லாப் பயனர்களுக்குமான பிரதி ப்ரோகிராம்டேட்டா கோப்புறைக்குள் அதே வரிசையில் இருக்கும். அதற்கும் அப்படியே செய்யுங்கள். சேமித்த இணைப்புகள் மறைந்துவிடும் என்பதால் எண்ணையும் பயனர் பெயரையும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் சேவைகள். ரன் பெட்டியில் சர்வீசஸ்.எம்எஸ்சி. டெலிபோனி, ரிமோட் ஆக்சஸ் கனெக்ஷன் மேனேஜர் இரண்டும் ஓட வேண்டும். கணினி வேகமாக ஓட என்று சொல்லி யாராவது டிசேபிள் செய்திருந்தால் மேனுவல் என்று மாற்றி ஸ்டார்ட் கொடுங்கள். சேவை ஓடாமல் திணறினால், அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் ப்ராம்ப்ட்டில் விண்டோஸின் கோப்புகளைச் சோதித்துச் சரிசெய்யும் எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ் கொடுத்து முடியும்வரை விடுங்கள்.

மென்பொருள் இல்லாமலே இணைவது

அவசர வேலை இருக்கிறது, மென்பொருள் படுத்துகிறது என்றால் அதை ஒதுக்கிவிட்டு விண்டோஸ் வழியாகவே இணையலாம். டாங்கிளின் டிரைவர் மட்டும் ஏறியிருக்க வேண்டும். மோடம் ப்ராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு தாவலுக்குப் போய், கூடுதல் தொடக்கக் கட்டளைப் பெட்டியில் ஏடி+சிஜிடிகான்ட்=1,"ஐபி","பிஎஸ்என்எல்நெட்" என்று எழுதுங்கள். இது பிஎஸ்என்எல் சிம்முக்கு. ஏர்டெல் என்றால் கடைசிச் சொல் ஏர்டெல்ஜிபிஆர்எஸ்.காம். இடைவெளி விடக் கூடாது, மேற்கோள் குறி வளைந்த வகையாக இருக்கக் கூடாது. பிறகு நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டரில் புதிய இணைப்பு, டயல்-அப், எண் *99#. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் பெரும்பாலும் காலியாகவே விடலாம்.

இணையும்போது பிழை 633 வந்தால் மோடத்தை வேறொரு மென்பொருள் பிடித்திருக்கிறது. 680 என்றால் டயல் டோன் இல்லை. 691 என்றால் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறு.

லினக்ஸில்

சி-டாக் சென்னை உருவாக்கிய போஸ் லினக்ஸையோ உபுண்டுவையோ வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் எளிது, ஏனென்றால் மென்பொருளை டெர்மினலிலிருந்து பெயர் சொல்லித் திறந்தால் எங்கே விழுகிறது என்று அதுவே எழுதிக் காட்டும். டயல்-அப் மென்பொருள்களான ஜினோம்-பிபிபி, கேபிபிபி இரண்டும் பராமரிப்பு நின்றுபோனவை. அனுமதி மறுக்கப்பட்டது என்று வந்தால் உங்கள் கணக்கை மோடத்தைப் பயன்படுத்த அனுமதி உள்ள டயல்அவுட், டிப் குழுக்களில் சேர்த்து, ஒருமுறை லாக்அவுட் செய்து வாருங்கள். ஜினோம்-பிபிபி தன் அமைப்பை ஹோம் கோப்புறையில் .டபிள்யூவிடயல்.கான்ஃப் என்ற மறைந்த கோப்பில் வைக்கும். அதன் பெயரை மாற்றிவிட்டுத் திறங்கள். போர்ட் பிஸி என்று வந்தால் பின்னால் ஓடும் மோடம்மேனேஜர் அதே மோடத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். டாங்கிளாக இருந்தால் நெட்வொர்க்மேனேஜரின் மொபைல் பிராட்பேண்ட் வசதியையே பயன்படுத்துங்கள். தனி மென்பொருள் தேவையே இல்லை.

கடைசியாக, மறுபடி நிறுவுவது

மேலே உள்ள எதுவும் பலிக்கவில்லை என்றால் மட்டும். டாங்கிளைக் கழற்றிவிட்டு மென்பொருளை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். ப்ரோகிராம் ஃபைல்ஸ், ஆப்டேட்டா இரண்டிலும் அதன் பெயரில் மிச்சமிருக்கும் கோப்புறைகளை அழியுங்கள். மறைந்த பழைய மோடம் பதிவுகளை டிவைஸ் மேனேஜரில் நீக்குங்கள். ரீஸ்டார்ட். பல டாங்கிள்கள் செருகியதும் முதலில் சிடி டிரைவ் போலக் காட்டி, அதிலிருந்து நிறுவச் சொல்லும். அதிலுள்ள கோப்புகளை முதலில் கணினிக்கு நகலெடுத்து, டாங்கிளைக் கழற்றி, நகலிலிருந்து அட்மினிஸ்ட்ரேட்டராக நிறுவுங்கள். நிறுவும் இடம் ஆங்கிலப் பெயருள்ள பாதையாக இருக்கட்டும். நிறுவியதும் அதன் ஷார்ட்கட்டின் ப்ராப்பர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டி தாவலில் விண்டோஸ் 7 அல்லது எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3 தேர்ந்தெடுத்துவிட்டு, அதன் பிறகே டாங்கிளைச் செருகுங்கள்.

அதற்கும் மூடிக்கொண்டால் அந்த மென்பொருளை விட்டுவிடலாம். மேலே சொன்ன விண்டோஸ் இணைப்பு எல்லா நாளைக்கும் போதும். மென்பொருளில் மட்டும் செய்த இரண்டு வேலைகள், எஸ்எம்எஸ் படிப்பதும் பேலன்ஸ் பார்ப்பதும், சிம்மைக் கழற்றி ஏதாவது ஒரு செல்போனில் போட்டாலே முடிந்துவிடும். சிம்மில் சேமிக்காமல் மென்பொருளுக்குள்ளேயே சேமித்த பழைய எஸ்எம்எஸ்கள் மட்டும் போனில் வராது. அவை வேண்டுமானால் அன்இன்ஸ்டால் செய்வதற்கு முன் ஆப்டேட்டா கோப்புறையை ஒரு பென்டிரைவில் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.